சிறுதேர் உருட்டும் சாமி

ஐம்பதைத் தாண்டிய மனிதன் பொம்மைக் கார் வாங்கி அடுக்குவது பற்றில் சேருமா? எனக்குத் தேவாரம் சொல்லித்தரும் ஐயா ஒரு நாள் வீட்டுக்கு வந்தபோது கேட்ட கேள்வி இது. பினாங்குத் தீவில், ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டில் எங்கள் முன்னறைச் சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. அதற்குள் விரல் நீளக் கார்கள், வரிசை வரிசையாக. ஐயா தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வெகுநேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். “தம்பி, எதை விடணும்னு வாரா வாரம் பாடுறோமோ, அதையே நீங்க கண்ணாடி போட்டு வச்சிருக்கீங்களே” என்றார். குரலில் கண்டிப்பு இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அப்படிக் கேட்கிறவருக்குச் சிரித்து மழுப்பிப் பதில் சொல்லக் கூடாது. அன்று இரண்டு வார்த்தை சொன்னேன். மீதியை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

நான் தீவுக்கு எதிர்க்கரையான செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்கள். விடியுமுன் அவர்கள் மரத்தடிக்குப் போய்விட்டால் லயத்து வாசல் எங்களுடையது. எங்கள் வண்டிகளை நாங்களேதான் செய்துகொள்வோம். பால் டின்னைப் படுக்கவைத்தால் லாரியின் உடம்பு; குடைக்கம்பி அச்சு; தேய்ந்த சிலிப்பரை வட்டமாக வெட்டினால் சக்கரம். ரப்பர் கொட்டைகளை ஏற்றிக்கொண்டு கயிறு கட்டி இழுப்போம். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நுங்குக் கோம்பையில் வண்டி செய்ததைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் டின் லாரிதான் நினைவுக்கு வரும். எங்களுக்குப் பனை இல்லை. பால் டின் இருந்தது.

கடைக் காரை முதலில் பார்த்தது ஒரு தைப்பூசத்தில். பட்டர்வொர்த்தில் பெரிப் படகு ஏறி பினாங்குத் தீவுக்கு வந்து, தண்ணீர்மலை முருகனைக் கும்பிட்டுவிட்டு, மறுநாள் பினாங்கு ரோட்டில் நடந்தோம். ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு நிறத்தில் இரண்டடுக்கு பஸ் ஒன்று. என் சுண்டுவிரல் அளவுதான் இருக்கும். ஜன்னல்கள் எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. அப்பாவின் பையில் திரும்பிப் போகிற காசு மட்டும்தான் என்பது எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை. அவரும் ‘வா போகலாம்’ என்று இழுக்கவில்லை. பக்கத்திலேயே நின்றார். “நல்லாப் பாத்துக்கய்யா” என்றார். எனக்குப் போதும் என்று தோன்றும்வரை பார்த்தேன்.

இன்று யோசித்தால், முதல் நாள் மலையில் செய்ததையேதான் மறுநாள் கடை வாசலிலும் செய்திருக்கிறோம். சன்னதியில் எவரும் சாமியை வாங்கிக்கொண்டு வருவதில்லை. நெரிசலில் எட்டிப் பார்த்து, கண் நிறைந்ததும் நகர்ந்து பின்னால் நிற்பவருக்கு இடம் விடுகிறோம். அந்த பஸ்ஸை அப்பா எனக்குக் காட்டிய விதமும் அதுதான். பிள்ளைக்கு வாங்கித் தர முடியாத ஒன்றை வெறுக்கக் கற்றுக்கொடுக்காமல் பார்க்கக் கற்றுக்கொடுத்த மனிதர் அவர். அவரைவிடப் பெரிய சமயாசிரியர் எனக்குக் கிடைத்ததில்லை.

அந்த பஸ் மேட்ச்பாக்ஸ் என்று பிறகு தெரிந்துகொண்டேன். 1947இல் லண்டனில் தொடங்கிய லெஸ்னி கம்பெனியின் தயாரிப்பு. அதன் பங்குதாரர் ஜாக் ஓடெல்லின் மகள் படித்த பள்ளியில் ஒரு விதி: தீப்பெட்டிக்குள் அடங்குகிற விளையாட்டுச் சாமானை மட்டும்தான் கொண்டுவரலாம். மகளுக்காக ஓடெல் பித்தளையில் ஒரு குட்டி ரோடு ரோலர் செய்து தீப்பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார். 1953இல் அதுவே தீப்பெட்டி போன்ற டப்பாவில் உலகத்துக்குப் போனது. தன் பிள்ளைக்காகக் கையால் செய்த ஒன்று உலகப் பிள்ளைகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்பதால் எனக்கு இந்தக் கதை பிடிக்கும். மற்ற கம்பெனிக் கதைகளில் அவ்வளவு அக்கறை இல்லை. அமெரிக்காவின் மேட்டல் 1968இல் பதினாறு மாடல்களோடு ஹாட் வீல்ஸைக் கொண்டுவந்தது. பிறகு 1997இல் மேட்ச்பாக்ஸும் அதே மேட்டலின் கைக்கு வந்தது. இவ்வளவு போதும்.

ஆனால் மேட்டல் பிறைக்கு வந்தது எங்கள் வீட்டுக் கதை. 1980களின் தொடக்கத்தில் பிறை தொழிற்பேட்டையில் அதன் ஆலை தொடங்கியது. உலகத்துப் பிள்ளைகள் புரட்டிப் பார்க்கும் ஹாட் வீல்ஸ் காரின் அடியில் ‘மேட் இன் மலேசியா’ என்று இருந்தால் அது எங்கள் கரையில் பிறந்தது. ரப்பர் தோட்டத்துப் பெண்கள் பால்வாளியை இறக்கி வைத்துவிட்டு ஆலை பஸ் ஏறத் தொடங்கிய காலம் அது. அக்காவும் ஏறினாள்.

அவள் சொல்லித்தான் எனக்கு ஒரு கார் எப்படி உருவாகிறது என்று தெரியும். துத்தநாகத்தோடு கொஞ்சம் அலுமினியம் கலந்த உலோகத்தை உருக்கி, அழுத்தத்தோடு எஃகு அச்சுக்குள் செலுத்துகிறார்கள். நொடியில் இறுகி வெளியே விழும். பிசிறு நீக்கிச் சாயம் பூசியபின், மெத்தென்ற சிலிக்கோன் திண்டு ஒன்று மையைத் தொட்டு வந்து கதவின் மேல் எண்ணையும் கோட்டையும் முத்திரை குத்தும். பிறகு உடம்பைக் கவிழ்த்து வைத்து, கண்ணாடி, உள்ளிருக்கை, அச்சும் சக்கரமும், அடித்தட்டு என்று ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, உடம்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் உலோகக் குமிழின் தலையை நசுக்கி மூடினால் கார் முடிந்தது. இனி அதைப் பிரிக்க வேண்டுமானால் துளையிட்டுத்தான் பிரிக்க வேண்டும்.

அக்கா இப்போதும் வீட்டுக்கு வந்தால் அலமாரியைத் திறந்து ஒரு காரை எடுப்பாள். நான் முதலில் முகப்பைப் பார்ப்பேன். அவள் கவிழ்த்துக் குமிழைப் பார்ப்பாள். கட்டைவிரலால் சாயத்தை ஒரு தடவு. சக்கரத்தை ஊதி, சுற்றுகிறதா என்று ஒரு பார்வை. “இது நல்லா வந்திருக்குடா” என்பாள். எந்த ஆண்டு, எந்த மாடல், என்ன விலை என்று இதுவரை கேட்டதில்லை. தன் கையால் எத்தனை லட்சம் கார்கள் போயின என்று அவளுக்குக் கணக்குக் கிடையாது. ஒன்றையும் தனக்கென்று எடுத்து வைத்துக்கொள்ளத் தோன்றியதுமில்லை. ஆனால் கோணலாக உட்கார்ந்த சக்கரத்தைக் கண்டால் இன்றும் முகம் சுளிப்பாள். அவளைத் துறவி என்று சொல்ல மாட்டேன். கூலிக்குப் போனாள், அந்தக் கூலியில் தம்பிகளைப் படிக்கவைத்தாள், அதன் களைப்பு அவள் முழங்காலில் இருக்கிறது. அதை ஞானம் என்று பூசி மெழுகுவது அவளுக்குச் செய்யும் அநியாயம். இருந்தாலும் ஐயாவின் கேள்வியைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் என் மனம் அக்காவின் அந்தக் கட்டைவிரலில்தான் போய் நிற்கிறது. பொருளின் மேல் அவ்வளவு அக்கறை இருந்தும் ‘என்னுடையது’ என்ற எண்ணம் துளியும் கலக்காமல் இருக்க முடிகிறது என்பதற்கு என் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது.

சைவ சித்தாந்தம் பொருளைப் பகையாக நினைப்பதில்லை. உலகம் மாயையின் காரியம்தான், ஆனால் உயிருக்கு அது கருவி. இருட்டில் கொஞ்சம் வழி காட்டும் விளக்கு. உயிரைக் கட்டிப்போடுகிற முதல் மலம் ஆணவம். அதன் வேலை நான், எனது என்று எல்லாவற்றின் மேலும் பெயர் எழுதுவது. வள்ளுவர் துறவு அதிகாரத்தில் குறிவைத்து அடிப்பதும் இந்த இரண்டையும்தான். எனவே ஐயா என் அலமாரியைப் பார்த்துக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, எத்தனை கார் இருக்கிறது என்பதைவிட, இதில் எத்தனையின் மேல் உன் பெயர் எழுதியிருக்கிறது என்பதுதான் என்று நினைக்கிறேன்.

சேகரிப்பவர்கள் நடுவில் இருபது வருடத்துக்கு மேல் பழகியவன் என்பதால் இந்தப் பெயர் எழுதும் நோயை நன்றாக அறிவேன். 1995 முதல் ஹாட் வீல்ஸில் ‘ட்ரெஷர் ஹண்ட்’ என்று சில கார்களைக் குறைவான எண்ணிக்கையில் விடுகிறார்கள். பெரிய பேரங்காடியில் கதவு திறக்கிற நேரத்துக்கே ஆட்கள் நிற்பார்கள். புதுப் பெட்டி வந்ததும் அடிவரை தோண்டி, அந்த ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைக் கலைத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். பத்து வெள்ளி அளவில் வாங்கியதைப் பல மடங்கு விலைக்கு விற்பார்கள். அட்டை மடங்கக் கூடாது, பிளாஸ்டிக்கில் கீறல் விழக் கூடாது, பெட்டியைத் திறக்கவே கூடாது. அப்படி அடைபட்ட கார்களின் சக்கரம் ஒரு தரையையும் தொட்டிருக்காது. வேறொருவர் கைக்குப் போகாமல் தடுத்ததில்தான் அவர்களுடைய மகிழ்ச்சி. பத்து மணிக்கு அப்பாவோடு வருகிற ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கலைத்துப் போட்ட மிச்சம். இதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரும், இன்றும் வருகிறது. பற்று என்ற சொல்லுக்கு முழு இலக்கணம் அந்தக் காலை வேளையில் கிடைக்கும்.

நான் வாங்கியதை அன்றே பிரித்துவிடுவேன். தரையில் ஒரு முறையாவது ஓட்டாமல் எதுவும் அலமாரிக்குள் போகாது. கார்களில் பாதி லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் வாங்கியவை. ஏற்கெனவே யாரோ ஒரு பிள்ளை விளையாடி, சாயம் உதிர்ந்து, அச்சு வளைந்தவை. முன்பின் தெரியாத ஒரு பிள்ளையின் மகிழ்ச்சி அந்தக் கீறல்களில் இருக்கிறது. அதன்மேல் என் பெயரை எழுத எனக்கு என்ன உரிமை? நான் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

சரி, ஆனால் இவ்வளவு வயதான பின்னும் விளையாட்டுச் சாமான் எதற்கு? இதற்கு எங்கள் மரபே அழகான பதிலை வைத்திருக்கிறது. பிள்ளைத்தமிழில் ஆண்பால் பருவங்கள் பத்து. காப்பில் தொடங்கி, தாலாட்டி, முத்தம் கேட்டு, நிலாவை விளையாடக் கூப்பிட்டு, பெண்பிள்ளைகளின் மணல்வீட்டைச் சிதைக்காதே என்று கெஞ்சி, பத்தாவதாக வருவது சிறுதேர்ப் பருவம். குமரகுருபரர் வைத்தீசுவரன் கோயில் முத்துக்குமார சுவாமியையும், பகழிக்கூத்தர் திருச்செந்தூர் முருகனையும் அந்தக் கடைசிப் பருவத்தில் சிறுதேர் உருட்டச் சொல்லிக் கேட்கிறார்கள். சூரனை அழித்த கை, பொம்மைத் தேரின் கயிற்றைப் பிடிக்க வேண்டுமாம். கேட்பவர் குழந்தை இல்லை. வளர்ந்த மனிதர், படித்த புலவர். அவர் தன்னைத் தாயாக்கிக்கொண்டு சாமியைப் பிள்ளையாக்குகிறார். தன் தத்துவ ஞானம் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு அவர் கடவுளிடம் கடைசியாகக் கேட்கும் வரம், நீ விளையாடு, நான் பார்க்க வேண்டும் என்பது. அந்த இடத்தில் அவர் கேட்பது மோட்சம் இல்லை.

தண்ணீர்மலையில் இருப்பவரும் பால தண்டாயுதபாணிதான். கனிக்காகக் கோபித்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கோவணத்தோடும் தண்டோடும் மலை ஏறிய பிள்ளை. துறவியும் அவரே, பிள்ளையும் அவரே. 513 படி ஏறிப் போய் நாம் பார்க்கிற சாமிக்குள் இந்த இரண்டும் சண்டை போடாமல் இருக்கின்றன. தைப்பூசத்துக்கு முதல் நாள் விடியலில் பினாங்குத் தெரு கோயில் வீட்டிலிருந்து நகரத்தாரின் வெள்ளி ரதம் புறப்படும். 1894இலிருந்து எங்கள் தெருக்களில் ஓடும் ரதம். 2017 முதல் குயின் தெரு மாரியம்மன் கோயிலிலிருந்து வேலைச் சுமந்து தங்க ரதமும் வருகிறது. வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல். சீனர்களும் தமிழர்களும் சேர்ந்து உடைத்த தேங்காய்கள் தெருவை மூடிக் கிடக்கும். கோவணாண்டி வெள்ளித் தேரில் போகிறார் என்பதில் எங்கள் அப்பத்தா தலைமுறையில் எவருக்கும் முரண்பாடு தெரிந்ததில்லை. அவர் எதையும் கேட்கவில்லை. நாங்கள்தான் இழுக்கிறோம். தேர் ஊருக்குச் சொந்தம். யார் வீட்டு வாசலிலும் சற்று நின்று போகும், எவர் வீட்டிலும் தங்காது.

தமிழில் பொம்மைத் தேர் எவ்வளவு பழையது என்று தேடியபோது பட்டினப்பாலையில் ஓரிடம் என்னை உலுக்கிவிட்டது. காவிரிப்பூம்பட்டினத்தில் முற்றத்தில் காயும் நெல்லைக் கொத்த வருகிற கோழியை விரட்டப் பெண்கள் தங்கள் கனத்த காதணியைக் கழற்றி எறிகிறார்கள். கீழே கிடக்கும் அந்தக் காதணி, பிள்ளைகள் குதிரை பூட்டாமல் உருட்டிவரும் மூன்று சக்கரச் சிறுதேருக்குத் தடையாகிவிடுகிறது. ஊரின் செல்வத்தைச் சொல்லும் இடம் என்று வகுப்பில் படித்திருக்கிறேன். எனக்கு இப்போது வேறொன்று தெரிகிறது. அந்தக் காட்சியில் பொன் ஒரு தடங்கல். வேலை நடப்பது பிள்ளையின் தேரில்தான். அதே பாட்டில் துறைமுகத்தில் குவிந்த பொருள்களில் காழகத்துப் பொருளும் வருகிறது. காழகம் என்றால் கடாரம் என்று உரை எழுதுகிறார் நச்சினார்க்கினியர். கடாரம் இன்றைய கெடா. பினாங்குத் தீவு 1786 வரை கெடாவின் பகுதி. பிறைக் கரை 1800 வரை. எங்கள் கரைச் சரக்கும் பிள்ளைகளின் சிறுதேரும் ஒரே பாட்டுக்குள் இருந்திருக்கின்றன. இன்று சிறுதேரே எங்கள் கரைச் சரக்காகி கன்டெய்னரில் கடல் தாண்டிப் போகிறது. இதை அக்காவிடம் சொன்னபோது, “அப்பவே மூணு சக்கரமா?” என்று மட்டும் கேட்டாள். எப்படி நிற்கும் என்பதுதான் அவளுக்குக் கவலை.

நகரத்தார் வழியில் வந்த இன்னொரு தேரையும் சொல்ல வேண்டும். சூத்ரகரின் சமஸ்கிருத நாடகம் மிருச்சகடிகம். அதைப் பண்டிதமணி கதிரேசச் செட்டியார் ‘மண்ணியல் சிறுதேர்’ என்று தமிழில் தந்தார். அதில் ஏழ்மைக்கு வந்துவிட்ட சாருதத்தனின் மகன், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பொன் தேரோடு விளையாடிவிட்டு வந்து, மண் தேர் வேண்டாம் என்று அழுகிறான். வசந்தசேனை தன் நகைகளைக் கழற்றி அந்த மண் தேரை நிரப்புகிறாள், பொன் தேர் செய்துகொள் என்று. அந்த நகையால் பின்னால் எவ்வளவு துன்பம் வருகிறது என்பது வேறு கதை. பினாங்கு ரோட்டில் என் அப்பாவிடம் கழற்றுவதற்கு நகை இருந்ததில்லை. அதனால் அவரால் கொடுக்க முடிந்தது நேரம். பொன் இல்லாத இடத்தில் அதைவிட நல்லது கிடைக்கலாம் என்று சூத்ரகருக்கு ஒரு காட்சி கூட்டி எழுதத் தோன்றுகிறது எனக்கு.

சின்ன வயதை நினைத்து ஏங்குவதும் பற்றுதானே என்று கேட்கலாம். போன காலத்தின் மேல் எவராலும் பெயர் எழுத முடியாது என்பதே என் பதில். அந்தச் சிவப்பு பஸ்ஸை நாற்பது வயதுக்கு மேல் ஒரு நாள் சந்தையில் வாங்கினேன். அது வீட்டுக்கு வந்தது. பினாங்கு ரோட்டில் பக்கத்தில் நின்ற அப்பா வரவில்லை. அதில் எனக்கு ஏமாற்றம் இருந்ததில்லை. அவரை நினைக்க ஒரு பிடி கிடைத்தது. திவசத்தன்று இலையில் அவருக்குப் பிடித்ததை வைக்கிறோம். அவர் வந்து உண்டார் என்று நிரூபிக்கவா வைக்கிறோம்?

பொருளும் நிலைக்காது. துத்தநாகக் கலவையில் சிறிதளவு ஈயம் மாசாகக் கலந்துவிட்டால், பல வருடம் கழித்து உலோகம் உள்ளிருந்தே விரிசல் விட்டு, வீங்கி, பொடியாகும். 1930களில் லிவர்பூலில் மெக்கானோ கம்பெனி செய்த டிங்கி கார்கள் பலவற்றுக்கு இந்தக் கதி. கண்ணாடி போட்டாலும் பஞ்சில் சுற்றினாலும் நிற்காது, ஏனென்றால் கேடு வெளியிலிருந்து வருவதில்லை. பிறக்கும்போதே உள்ளே இருந்தது. செம்பில் களிம்பு என்று ஆணவத்துக்குச் சித்தாந்தம் சொல்லும் உவமையை ஐயா வகுப்பில் விளக்கும்போதெல்லாம் எனக்கு இந்த டிங்கி கார்கள்தான் கண்முன் வரும். பூட்டி வைப்பதால் களிம்பு போகாது. செம்பைப் பொன்னாக்க வேறொரு கை வேண்டும், அருள் வேண்டும்.

எனக்குப் பின் இந்த அலமாரி என்னாகும் என்று முடிவு செய்துவிட்டேன். எனக்குப் பிள்ளைகள் இல்லை. தைப்பூசத்தில் எங்கள் குடும்பம் ஆண்டுதோறும் நடத்தும் தண்ணீர்ப் பந்தலில், மோர் வாங்க வரும் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு கார். இருக்கும்போதே தொடங்கிவிட வேண்டும் என்று சென்ற ஆண்டு ஒரு கூடையில் போட்டு வைத்தேன். மொட்டை போட்ட ஒரு பிள்ளை, சந்தனம் காயாத தலையோடு, எதை எடுப்பது என்று தெரியாமல் நின்றான். அவன் அம்மா அவசரப்படுத்தினார். நான் அவரைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொன்னேன்.

ஐயாவிடம் இந்த ஏற்பாட்டைச் சொன்னபோது, வரும் ஆண்டு தானும் பந்தலில் வந்து நிற்பதாகச் சொன்னார். அக்காவிடம் சொன்னபோது அவள் கூடையைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்க்கத் தொடங்கினாள். குமிழ் தளர்ந்திருந்த இரண்டை எடுத்துத் தனியே வைத்தாள். “மூணு வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளைங்களுக்குக் கொடுத்துடாதடா. சக்கரம் கழண்டா வாயில போட்டுக்கும்.”